ஏழு கிலோவுக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு!

காட்கோபர் மேற்கில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். சாஹரில் இறங்கப் போகும் விமானங்கள் சக்கரத்தை நீட்டியபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேலே போகும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் காலடியிலும் மேல் தட்டிலும் வைத்திருக்கும் சின்னப் பைக்குள் எத்தனை சட்டம், எத்தனை ரசாயனம், எத்தனை விபத்துகளின் படிப்பினை அடங்கியிருக்கிறது தெரியுமா? கேட்டால் அசந்துபோவீர்கள்!

காமராஜ் நகர், பந்த் நகர், கரோடியா நகர் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் குர்லா டெர்மினஸ்தான். ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஒரு ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம், ஏ.சி. முதல் வகுப்பில் 70 கிலோ! அதே கணக்கில் மூட்டை கட்டிப் பழகிய வீடுகள் இப்போது விமானத்துக்கு மாறியிருக்கின்றன. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் செக்-இன் பெட்டிக்கு 15 கிலோ, கையோடு ஒரே ஒரு கேபின் பை, அதுவும் 7 கிலோ. அளவும் உண்டு, உதாரணத்துக்கு: 55 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. தடிமன். கூட்டினால் 115. சக்கரமும் கைப்பிடியும் இந்தக் கணக்கில் சேர்த்தி என்பது தெரியுமா? கடையில் "கேபின் சைஸ்" என்று சொன்னாலும் டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.

ஆனால் அந்த ஒரு பைக்கு வெளியே எவ்வளவு சலுகை இருக்கிறது பாருங்கள்! சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் விதியில் பெண்களின் கைப்பை, கோட்டு, போர்வை, குடை அல்லது கைத்தடி, வழியில் படிக்கப் புத்தகம், கைக்குழந்தைக்கான உணவு, மடக்கு சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் தனிக் கணக்கு. ஊன்றுகோலோடு வரும் தாத்தாவிடம் யாரும் "இது ரெண்டாவது பை" என்று சொல்ல முடியாது.

இப்போது பெரிய அதிசயத்துக்கு வருகிறேன். விமானத்தில் குண்டு கூடாது, பெட்ரோல் கூடாது, சரி. கொப்பரைத் தேங்காயும் கூடாது, தெரியுமா? ஆமாம், நம் வீட்டில் எண்ணெய்க்கு வைக்கும் அதே காய்ந்த கொப்பரைதான்! உலக அளவில் ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது. வகை 4.2, அதாவது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். எண்ணெய்ச் சத்து நிரம்பியது, காற்று பட்டு மெல்ல மெல்லச் சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்தால் ஒரு கட்டத்தில் புகையத் தொடங்கும். ஊரிலிருந்து திரும்பும்போது அத்தை பாசமாகக் கட்டிக் கொடுக்கும் கொப்பரை ஸ்கேனரில் மாட்டுவது இதனால்தான். செக்-இன் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாலும் எடுத்துவிடுவார்கள், எடுக்கத்தான் வேண்டும்.

இருமுடிக்குள் இருக்கும் தேங்காய்? இந்தக் கேள்வி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாலை போடும் ஒவ்வொரு சாமிக்கும் தெரிந்த தவிப்பு. குருசாமி கட்டிக் கொடுத்த முடியைத் தலையிலிருந்து இறக்கவே யோசிப்பவர்கள், அதை செக்-இன் பெல்ட்டில் தள்ளிவிட மனம் வருமா? கேபினில் தேங்காய் கூடாது என்பதே விதியாக இருந்தது. 2024 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு ஒரு அறிவிப்பு வெளியிட்டார். சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கேபினிலேயே கொண்டுபோகலாம், எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கையால் சோதனை மூன்றும் உண்டு, 2025 ஜனவரி 20 வரை அனுமதி என்று. ஒரு தேங்காய்க்காக ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்பு விதியே மண்டல காலத்துக்கு வளைந்து கொடுத்தது! என்னைக் கேட்டால், செய்ய வேண்டிய காரியம் அது. ஆனால் அனுமதிக்குத் தேதி உண்டு என்பதால், அந்தந்த சீசனுக்கு என்ன அறிவிப்பு என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். கற்பூரமும் தீப்பெட்டியும் வேறு கதை. கற்பூரம் எரியும் திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. தீப்பெட்டி இங்கே கேபினிலும் கூடாது, செக்-இன்னிலும் கூடாது.

வெளிநாட்டு விமானத்தின் கேபினில் நெய், தொக்கு, தேங்காய் எண்ணெய் எல்லாம் 100 மில்லி விதிக்குள் வந்துவிடும். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி பிடிபட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விதி இது. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். அடியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் இருந்தாலும் 200 மில்லி பாட்டில் என்றால் போச்சு! மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு.

பழைய காய்ச்சல் மானி வீட்டில் இருக்கிறதா? அதில் இருக்கும் பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும், விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியம்! அதனால் பாதரசத் தெர்மாமீட்டர் கேபினுக்குள் வரக் கூடாது. உறைக்குள் பத்திரமாக ஒன்றே ஒன்று, அதுவும் செக்-இன் பெட்டியில்.

பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். அது செக்-இன்னில் போகவே கூடாது, கையோடுதான் வர வேண்டும். ஏன் தெரியுமா? லிதியம் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். சரக்கு விமானம் லிதியம் பேட்டரி சரக்கில் பிடித்த தீயால் விழுந்தது, விமானிகள் இருவரும் இறந்தார்கள். சரக்கு அறையில் பற்றினால் யார் போய்த் தண்ணீர் ஊற்றுவது? கேபினில் என்றால் கண்ணில் படும், பணிப்பெண்கள் ஓடிவந்து அணைப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில், மேல் தட்டில் கிளம்பிய தீயால் புறப்படக் காத்திருந்த விமானமே எரிந்தது. அதற்குப் பிறகு பவர் பேங்கை மேல் தட்டில் வைக்கவே கூடாது என்று கொரியா விதி போட்டது.

உங்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். எல்லை 100 வாட்-அவர். எம்.ஏ.ஹெச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். 20,000 என்றால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தடுக்கிவிழும் இடம் வருகிறது. மும்பையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தூத்துக்குடி என்று போகிறீர்கள். முதல் விமானத்தில் மேல் தட்டில் கச்சிதமாக உட்கார்ந்த உங்கள் டிராலி, இரண்டாவதாக ஏறும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தின் சின்னத் தட்டுக்குள் நுழையாது. படிக்கட்டுக்குக் கீழேயே வாங்கி ஒரு டேக் மாட்டி சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய விமானத்திலும் தட்டு நிரம்பிவிட்டால் கேட்டில் இதே கதைதான். பின்னால் வரிசை நெருக்கும், வெயில் கொளுத்தும், அந்த அரை நிமிடத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று யாருக்கு நினைவு வரும்? பவர் பேங்க் உள்ளே, பிரஷர் மாத்திரை உள்ளே, வீட்டுச் சாவி உள்ளே!

அதனால் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் வற்புறுத்துவது ஒன்றுதான்: கேபின் பைக்குள் இன்னொரு குட்டிப் பை. ஜிப் வைத்த துணிப்பை போதும். மாத்திரை, டாக்டர் சீட்டு, கண்ணாடி, பவர் பேங்க், சார்ஜர், சாவி, நகை, பத்திரம் எல்லாம் அதில். டிராலியைக் கேட்டால், ஒரே இழுப்பில் குட்டிப் பையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது உயிர் விஷயம். இன்சுலின் உறைந்துபோனால் வீரியம் போய்விடும், மறுபடி உருகினாலும் பயன்படாது. சரக்கு அறையின் குளிரை நம்பி அதை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பாஸ்போர்ட்டும் போனும் குட்டிப் பையில்கூட வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும்போது இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 379 பேர். அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்! மேல் தட்டைத் திறந்து பெட்டி எடுக்க நிற்காமல் சறுக்கில் இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். விமானம் பிறகு முழுக்க எரிந்துபோனது. அப்படி ஒரு நேரத்தில் சட்டைப் பையில் இருப்பது மட்டும்தான் உங்களுடையது.

காட்கோபர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2014 ஜூனில் வந்த மெட்ரோவில் ஏறி மரோல் நாகாவில் இறங்குங்கள். அங்கே 2024 அக்டோபரில் திறந்த அக்வா லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே டெர்மினல் 2! டாக்ஸி டிக்கியில் எதையும் மறந்துவிடும் பயமில்லை.

செக்-இன் பெட்டி வராமலே போனால்? உள்நாட்டுப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரைதான், தெரியுமா? உள்ளே தாலிச் சங்கிலி இருந்தாலும் லேப்டாப் இருந்தாலும் அதே வரம்பு. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பெல்ட் காலியாகச் சுற்றுகிறது என்றால் அங்கேயே கவுன்டருக்குப் போய் டேக் ரசீதில் உள்ள பத்து இலக்க எண்ணைக் காட்டி பி.ஐ.ஆர். என்ற புகார் அறிக்கையை எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் டெர்மினல் வாசலைத் தாண்டாதீர்கள்.