ஜோன் டன்: புத்தியும் கவிதையும்

ஆங்கிலத்தில் 'விற்' என்றொரு சொல் உண்டு. இன்று அதைக் கேட்டால் சாதுரியமான பகிடிதான் நினைவுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டில் அதன் பொருள் விரிந்தது. அறிவு, கூர்மை, தொடர்பில்லாத இரு பொருள்களிடையே ஒற்றுமை காணும் ஆற்றல் எல்லாம் அதற்குள் அடங்கின. இதை விளங்கிக்கொள்ளாமல் ஜோன் டன்னை (1572-1631) அணுக முடியாது. ஊரில் விரிவுரையாளனாக இருந்தபோது காளமேகத்தின் சிலேடையிலிருந்துதான் இதை விளக்கத் தொடங்குவேன். ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது. சிலேடை ஒரு சொல்லுக்குள் இரு பொருளை வைக்கிறது. டன் ஓர் உவமைக்குள் முழு வாதத்தையே வைக்கிறார்.

அவருடைய புகழ்பெற்ற பிரிவுக் கவிதையை எடுத்துக்கொள்வோம். பயணம் போகிறவன் காதலியிடம் அழவேண்டாம் என்கிறான். இரு உயிர்களையும் கவராயத்தின் இரு கால்களுக்கு ஒப்பிடுகிறான். ஒன்று நடுவில் ஊன்றி நிற்கிறது. மற்றது சுற்றி வருகிறது. வெளிக்கால் தூரப்போகும்போது நடுக்கால் அதன் பக்கம் சாய்கிறது. அது திரும்பிவர நிமிர்கிறது. நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் தகட்டில் வட்டம் கீறும் எவருக்கும் இது தெரியும்: நடுக்கால் இடம்மாறினால் வட்டம் பிழைத்துவிடும். நிற்பவளின் உறுதியே போகிறவனின் பாதையைத் தீர்மானிக்கிறது என்பதுதான் வாதம். உவமையை எடுத்துவிட்டால் அந்த வாதமும் இல்லை.

இத்தகைய கவிதையை எல்லோரும் ஏற்கவில்லை. காதற் கவிதையிலும் தத்துவம் பேசுகிறார் என்று 1693 இல் டிரைடன் குறைகூறினார். பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் இவ்வகையினரை 'மெற்றாபிசிக்கல்' கவிஞர்கள் என அழைத்து, பொருந்தாதவற்றை வலிந்து பிணைக்கிறார்கள் என்றார். 1921 இல் ரி.எஸ்.எலியற் எழுதிய கட்டுரையே இப்பார்வையைப் பெரிதும் மாற்றியது. சிந்தனையும் உணர்வும் டன்னிடம் பிரிந்திருக்கவில்லை என்பது எலியற்றின் முடிவு.

ஜோன்சனை முற்றாகத் தள்ளிவிடவும் கூடாது. பதினான்கு வயதில் இறந்த எலிசபெத் டிறூறி என்ற சிறுமியை டன் நேரில் கண்டதில்லை. ஆயினும் 1611 இல் வெளியான நீண்ட கவிதையில், அவளோடு உலகமே செத்துவிட்டது என்று பாடினார். அச்சிறுமியின் தந்தை அவரை ஆதரித்த செல்வந்தர். அங்கே புத்தி வேலை செய்கிறது. ஆனால் அதற்குத் தேவையான துயரம் இல்லை.

துயரம் அறியாதவர் அல்லர் டன். கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட இங்கிலாந்தில் கத்தோலிக்கராகப் பிறந்தார். அவருடைய தம்பி ஹென்றி ஒரு குருவானவருக்கு ஒளிப்பிடம் கொடுத்ததற்காக 1593 இல் கைதாகி, சிறையிலேயே நோயால் இறந்தான். 1601 இல் இரகசியமாக ஆன் மோரை மணந்ததால் டன் வேலையை இழந்தார். சிறிதுகாலம் சிறையிலும் இருந்தார். பின்னர் 1615 இல் அங்கிலிக்கன் குருவானார். 1617 இல் மனைவி இறந்தார். 1621 இல் சென் போல்ஸ் பேராலயத்தின் தலைமைக் குருவானார்.

1623 இல் கடும் நோயில் எழுதியதாகக் கூறப்படும் பிரார்த்தனைப் பாடலில், தம் பெயரும் 'முடிந்தது' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலியுடையவை என்பதை வைத்துக் கடவுளோடு கணக்குப் பேசுகிறார். சாவுக்குப் பயந்து கிடப்பவனுக்குச் சிலேடை வருமா என்று கேட்கலாம். வரும். பயத்தில் மனம் சிதறிப்போகாமல் பிடித்துவைக்க அவரிடம் இருந்த கருவி அதுதான்.

கவிதைக்கு உணர்ச்சி போதும், புத்தி அதைக் கெடுத்துவிடும் என்ற கருத்து எங்கள் மத்தியிலும் பலமாக இருக்கிறது. பிரிவும் சாவும் நிறைந்த எங்கள் அனுபவத்துக்கு அழுகை இயல்பானது. ஆனால் அழுகை எல்லோருடையதும் ஒரேமாதிரித்தான் இருக்கும். என் பிரிவு எப்படிப்பட்டது என்று சொல்வதற்கு யோசிக்கவேண்டியிருக்கிறது. டன்னிடம் நாம் கற்கக்கூடியது இதுதான் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதட்டும்.