பாட்டரியை மாற்றுவதற்கு முன்

செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்ற சப்தம் மட்டும் எழுந்து எஞ்சின் அசையாமல் நின்றுவிட்டால், பாட்டரி போய்விட்டதென்று அந்தக் கணமே தீர்மானித்து, புதியதொன்றை வாங்கிப் பொருத்திச் சில வாரங்கள் நிம்மதியாக ஓட்டிய பிறகு, அதே சப்தத்தை மறுபடியும் கேட்டுத் திகைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் அநேகர். பாட்டரிக்கு மின்சக்தியை அளிக்கவேண்டிய பாகம் பழுதுபட்டிருக்கும்போது பாட்டரியை மாற்றுவது வீண் விரயம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டரைக் கொண்டு மூன்று நிலைகளில் வோல்ட் அளவைப் பார்த்துவிட்டால், தோஷம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதல் அளவு, வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு எடுக்கவேண்டியது. 1859-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்துக் காஸ்டன் பிளாண்டே அமைத்த ஈய-அமில பாட்டரியின் தத்துவமே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இயங்குகிறது. இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும் ஆறு அறைகள் சேர்ந்ததே 12 வோல்ட் பாட்டரியாதலால், பூரண சார்ஜில் அது 12.6 முதல் 12.8 வரை காட்டும். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதென்று அர்த்தம். அந்த நிலையிலேயே நெடுநாள் விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப்போய், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பிரயோஜனமிராது.

இரண்டாவது அளவை, செல்ஃபை அழுத்திக்கொண்டே பாட்டரியின் முனைகளில் பார்க்கவேண்டும். முழுச் சார்ஜ் ஏற்றிய பாட்டரியும் இச்சமயத்தில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரியுமானால் அதன் ஆயுள் முடிந்ததென்று கொள்வதில் பெரிய பிழை இராது. ஆனால் 'டிக்' என்ற சப்தம் கேட்டும் அளவு 12.6-ஐ விட்டு அசையவேயில்லையென்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. ரிலே, எர்த் வயர், மோட்டாரின் கார்பன் பிரஷ், எல்லாவற்றுக்கும் முதலாகப் பாட்டரி முனைகள் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளும், விரலால் அசைத்தாலே ஆடுகிற திருகும் போதும், வண்டியை நிறுத்திவிட. ஹெட்லைட் பிரகாசமாக எரிகிறதே என்று வாதிப்பதில் பயனில்லை. விளக்குக்கு வேண்டிய சில ஆம்பியர்களைத் தளர்ந்த இணைப்பும் கடத்திவிடும், மோட்டார் கேட்கும் பல பத்து ஆம்பியர்களைக் கடத்தாது. 'டிக்' சப்தமும் இல்லையென்றால் பியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் இவற்றைப் பார்த்த பிறகே மேலே செல்லவேண்டும்.

பலரும் எடுக்காமல் விடுவது மூன்றாவது அளவு. என் அபிப்பிராயத்தில் பிரதானமானதும் அதுவே. எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை நிதானமாக முறுக்கினால், அளவு 13.5-க்கும் 14.5-க்கும் இடையே நிலைபெறவேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜை அளவோடு நிறுத்தவேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்து, பாட்டரியின் நீரை வற்றச்செய்துகொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறாத வண்டியில், மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குச் செல்லும், பல வண்டிகளில் மஞ்சள் நிறமான, மூன்று வயர்களின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருப்பது அபூர்வமன்று. தளர்ந்த இணைப்பு சூடாகிறது, சூட்டினால் இன்னும் தளர்கிறது. கப்ளர் சுத்தமாயிருந்தால், எஞ்சினை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை ஏ.ஸி. நிலையில் வைத்து, வயர்களை இரண்டிரண்டாக அளக்கவேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் காயில் நலம், சந்தேகம் ரெகுலேட்டர் மீது திரும்பும். எஞ்சினை நிறுத்திய பின், ஏதேனும் ஒரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு காட்டினால் காயில் எரிந்துவிட்டது.

இந்த ஜாக்கிரதை முன்னைவிட இப்போது அதிக அவசியமாகிறது. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிகிறது. 2020-இல் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் பெரும்பாலானவற்றில் பெட்ரோலைச் செலுத்துவதே மின்சார பம்ப்தான். ஆகவே பாட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால் தள்ளிக் கிளப்பும் பழைய உபாயமும் பல சமயங்களில் கைகொடுப்பதில்லை.

புது பாட்டரிக்குப் பணம் எடுப்பதற்கு முன், இந்த மூன்று அளவுகளையும் உங்கள் கண்ணெதிரே எடுத்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்.