சம்போன் ஊராரின் சமாதானம்

சமாதானம் என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். மனத்தின் அமைதி ஒன்று. சண்டை ஓய்தல் மற்றொன்று. சுவிசேஷம் அருளும் சமாதானம் இவற்றுள் எது எனக் கிறிஸ்தவ நண்பரை வினவினால் பெரும்பாலும் முன்னதையே சுட்டுவர். ஆயின், சைவராகிய நாம் மலைப்பிரசங்கத்தை வாசிக்குமிடத்து, இயேசுபிரான் அங்கே பாக்கியவான்கள் என வாழ்த்துவது சமாதானத்தை உண்டாக்குவோரை என்று காண்கிறோம். உண்டாக்குவது எங்ஙனம்? விரிவுரைகளில் தேடுவதினும் அதனைச் செய்து காட்டிய ஓர் ஊரைப் பார்ப்பது நன்று.

பிரான்ஸ் தேசத்தின் தென்பாதியில், கடல்மட்டத்துக்கு 3,000 அடிக்கு மேலான மேட்டுநிலத்தில், லு சம்போன் என்னும் கிராமம் இருக்கிறது. பனி நீடிக்கும் இடம், கருங்கல் வீடுகள். கமஞ் செய்வோரும், கோடையில் வந்து தங்குவோருக்கு விடுதி நடத்துவோருமே அங்கு மிகுதி. கத்தோலிக்கர் பெருகிய நாட்டிலே இவர்கள் புரட்டஸ்தாந்தர். இவர்தம் முன்னோர் பெற்றிருந்த வழிபாட்டுரிமையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685-ல் நீக்கினான். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு வரை அவர்கள் காட்டிலும் மறைவிடங்களிலும் கூடியே வழிபட்டனர். துரத்தப்படுவோன் படும் பாடு இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லும் கதை.

அந்திரே துரோக்மே என்னும் போதகர் 1934-ல் இங்கு வந்தார். 1901-ல் பிறந்த அவருக்குத் தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஜேர்மானியர். பத்து வயதில் மோட்டார் விபத்தொன்றிலே தாயை இழந்தார். முதலாம் உலக யுத்தத்தில் அவர் பிறந்த நகரம் ஜேர்மன் படையின் கைப்பட்டது. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் ஆயுள் முழுதும் மறந்தாரில்லை. ஜேர்மன் சிப்பாய் ஒருவன் பசித்திருந்த சிறுவனிடம் பாண் நீட்டினான். பகைவன் தருவதை உண்ணேன் என மறுத்தான் சிறுவன். சிப்பாயோ கோபிக்கவில்லை. தான் கிறிஸ்துவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவன் என்றும், எவரையும் கொல்வதில்லை எனத் தன் அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஆயுதமின்றியே தந்திவேலை பார்ப்பதாகவும் கூறினான். சுவிசேஷத்தின் சமாதானம் அச் சிறுவனுக்கு முதன்முதல் எதிர்ப்பட்டது மாற்றான் சீருடையிலேதான். வாலிபரானபின் காந்தியடிகளைக் காண இந்தியா செல்லவும் எண்ணியிருந்தார். நியூயோர்க்கில் படிக்கையில் மக்டா என்னும் இத்தாலிய நங்கையைச் சந்தித்து மணந்தமையால் அப் பயணம் நின்றது. (அதனால் உலகுக்கு நட்டமில்லை என்பது மேலே படிப்போருக்கு விளங்கும்.)

1938-ல் துரோக்மேயும் எடுவார் தெய்ஸ் என்னும் மற்றொரு போதகரும் இவ்வூரிலே ஒரு கல்லூரியை நிறுவினர். ஈராண்டில் பிரான்ஸ் ஹிட்லருக்குப் பணிந்தது. போர்நிறுத்தம் கைச்சாத்தாகிய மறுநாள், 1940 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. இரு போதகரும் தேவாலயத்தில் ஓர் அறிக்கை விடுத்தனர்: மனச்சாட்சிக்கு மாறானதைச் செய்யும்படி வற்புறுத்துவோரை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்பது கிறிஸ்தவன் கடமை, அச்சமின்றி எதிர்த்தல் வேண்டும், பகையின்றியும் எதிர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல பிரசங்கந்தான். ஆனால் ஞாயிறு கேட்டது திங்களன்று செயலாவது எவ்வாறு? படிப்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் இங்கேதான் கூர்ந்து நோக்கினோம். துரோக்மே தம் சபை இளைஞர் பதின்மூவரை இரு வாரத்துக்கு ஒருமுறை அழைத்து, வேதாகமத்தில் ஒரு பகுதியை எடுத்து, இதனை இந்த ஊரில் இந்த நாளில் எப்படிச் செய்வது என்று அவர்களோடு ஆராய்வார். அவர்கள் தத்தம் பகுதிக்குச் சென்று சிறு குழுக்களில் அதனையே ஆராய்வர். குற்றமற்ற இரத்தம் சிந்தாதபடி அடைக்கலப் பட்டணங்களை ஒதுக்கி வைக்கவேண்டும் என்னும் உபாகமக் கட்டளை வெறும் பாடமாக நிற்கவில்லை. எவருடைய பரணில் எத்தனை பேர் படுக்கலாம் என்ற கணக்காயிற்று. ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே பார்த்தது. எல்லாம் அறிந்தவர் ஒருவரும் இலர். ஆகையால் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கக் கூடியவரும் இலர்.

எதிர்ப்பு சிறியதிலே தொடங்கியது. 1941-ல், அரசுத்தலைவர் பெத்தேன் அமைத்த படைவீரர் சங்கத்தின் ஆண்டுநிறைவுக்கு நாடெங்கும் மணி ஒலிக்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. சம்போன் மணி ஒலிக்கவில்லை. ஏன் என்று சினந்து வந்தோரிடம், மணி கடவுளுக்குரியது, மார்ஷலுக்குரியதன்று என்று சொல்லி வாயிலை மறித்து நின்றாள் தேவாலயத்தைக் காத்த எளிய மாது ஒருத்தி.

முதல் அகதி வந்தது பனி கொட்டிய ஓர் இரவில். ஜேர்மனியிலிருந்து தப்பிய யூதப் பெண். போதகர் இல்லத்துக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா எனக் கேட்டாள். மக்டா யோசிக்கவில்லை, வரச்சொன்னார். நனைந்த சப்பாத்துகளை உலர்த்த அடுப்பில் வைத்தார். பேச்சிடையே அவை கருகிப்போயின. பங்கீட்டுக் காலத்தில் மாற்றுச் சோடிக்கு ஊரெல்லாம் அலைந்தார். அடையாள அட்டை கேட்டு ஊர்த்தலைவரிடம் போனபோது, அப்பெண்ணை உடனே அனுப்பிவிடும்படி அவர் கடிந்துகொண்டார். சட்டத்தை நம்பிக் கேட்கலாகாது என்பதை மக்டா அன்றே கற்றார். இவ்வம்மையார் கோட்பாடுகளில் கணவரைப்போல் ஊன்றியவரல்லர். நமக்கோ, சுவிசேஷத்தை அவ்வீட்டில் மிக எளிதாக வாழ்ந்தவர் அவரே என்று தோன்றுகிறது.

பின்னர் அகதிகள் புகைவண்டியில் வந்துகொண்டேயிருந்தனர். பண்ணைகளிலும் சிறுவர் இல்லங்களிலும் இடம் கிடைத்தது. பொய்யான அடையாள அட்டைகளும் பங்கீட்டு அட்டைகளும் ஆயத்தமாயின. மெய்யே பேசவேண்டும் என்று போதித்தவரின் நெஞ்சை இப் பொய் உறுத்தாமலில்லை. 1942 ஆகஸ்டில் அரசின் இளைஞர் விவகார அதிகாரி வருகை தந்தபோது, யூதர்க்கு நடப்பதைக் கண்டித்தும், தம்மிடையே யூதர் உண்டென்பதை ஒளியாமலும் மாணவர் ஒரு கடிதத்தைக் கையளித்தனர். சில நாளில் பொலிஸார் பஸ் வண்டிகளுடன் வந்து பெயர்ப்பட்டியல் கேட்டனர். துரோக்மே தரவில்லை, மந்தையின் பட்டியலை மேய்ப்பன் கொடுப்பதில்லை என்றார். வண்டிகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. அம் மேட்டுநிலத்தில் உயிர் பிழைத்தோரை 3,000 என்பாரும் 5,000 என்பாரும் உளர். எண்ணிப் பதிவுசெய்ய யாருக்கும் துணிவில்லாத காலம் அது. அவ்வாறு செய்யாததே அறிவுடைமை.

விலை கொடாமலும் இல்லை. 1943-ல் இரு போதகரும் சிறைமுகாமில் அடைபட்டனர். அரசுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட மறுத்தும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் விடுதலையாயினர். அவ்வாண்டு ஜூனில் கெஸ்டாப்போ மாணவர் விடுதி ஒன்றை வளைத்தது. விடுதிப் பொறுப்பாளர் துரோக்மேயின் உறவினரான தானியேல் என்னும் இளம் ஆசிரியர். அவ்வேளை வேறொரு இல்லத்தில் இருந்த அவருக்குத் தப்பியோட வழியிருந்தது. பிள்ளைகள் பிடிபட்டபின் நான் எங்கே போவது என்பதுபோல அவர்களிடமே சென்றார். 1944-ல் போலந்திலுள்ள மஜ்தானெக் முகாமில் இறந்தார். ஆசிரியராயுள்ளோர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்ல முடிவதில்லை.

அதே 1944 ஆகஸ்டில் துரோக்மேயின் தலைமகன், பதினான்கு வயதினன், வீட்டில் நேர்ந்த விபத்தொன்றில் மாண்டான். யுத்தம் தொடாத பிள்ளையை விளையாட்டுப்போன்ற ஒன்று கொண்டுபோயிற்று. முடி முறிந்த ஊசியிலை மரத்துக்குத் தம்மை ஒப்பிட்டார் தந்தை. அம்மரம் மறுபடி முடி விடுவதில்லை. விசுவாசம் துயரை நீக்கிற்று என்று அவர் ஒருபோதும் பாசாங்கு செய்யவில்லை. அதற்காகவே அவர் சொல்லிய மற்றவற்றை நாம் நம்புகிறோம்.

சில வாரத்தில் விடுதலை வந்தது. இப்போது சிறைப்பட்டோர் ஜேர்மன் வீரர். அண்மையிலிருந்த பழைய மாளிகையொன்றில் அவர்களை அடைத்திருந்தனர். ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆற்றிய அதே பிரசங்கத்தைத் துரோக்மே பிற்பகலில் அங்கு சென்று ஆற்றினார். ஊராரிற் சிலர் முணுமுணுத்தனர்; கைதிகளுக்கும் அது முற்றும் உவந்ததன்று. அவரோ தம் தாயின் மொழியில், ஒரு சொல்லும் குறையாமல், பேசி முடித்தே திரும்பினார்.