மதகடிப்பட்டிலிருந்து நட்சத்திரம் பார்க்க: தெற்கே இருட்டு தேடுங்கள்

மதகடிப்பட்டு பக்கம் நட்சத்திரம் பார்க்க இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும், எவ்வளவு தூரம் போனால் இருட்டு கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். என் பதில் திசையைப் பற்றியது. விழுப்புரம்–புதுச்சேரி நெடுஞ்சாலைக்குத் தெற்கே போங்கள். சாலை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தெற்கு அடிவானம் மறைப்பில்லாமல் தெரிகிற ஒரு வயல்வெளியில் நில்லுங்கள். வடக்கே இருபது கிலோமீட்டர் அலைந்தும் கிடைக்காத வானம், தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் கிடைத்துவிடலாம்.

ஊரின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். கிழக்கே புதுச்சேரி, மேற்கே விழுப்புரம், இரண்டும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் சாலையில் வில்லியனூர், கண்டமங்கலம், திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு, வளவனூர் என்று ஊர்கள் விட்டுவிட்டு வருகின்றன. திருபுவனையில் தொழிற்பேட்டை விளக்குகள், மதகடிப்பட்டை ஒட்டிக் கல்லூரி வளாகங்களின் விளக்குகள், சந்திப்புகளில் உயர்கோபுர விளக்குகள். ஆக, நம்முடைய ஒளி கிழக்கு மேற்காக ஒரு பட்டையாக நீண்டு கிடக்கிறது. அந்தப் பட்டையோடு சேர்ந்து நடந்தால் இருட்டு கிடைக்காது. அதைக் குறுக்காகக் கடந்து வெளியே வரவேண்டும்.

ஏன் வடக்கை விட்டுத் தெற்கு? நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 12 பாகை. துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. கையை நன்றாக நீட்டி விரல்களை மடக்கினால், முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. எனவே துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. சாலை வெளிச்சத்தில் அது மங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. சப்தரிஷி மண்டலம் நான்கைந்து முஷ்டி உயரம் ஏறிவிடுவதால் அதற்கும் பாதிப்பு குறைவு.

தெற்கு அப்படியல்ல. இந்த ஊருக்குக் கிடைத்த கொடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி ஒளிமிகுந்த அகத்தியர் நட்சத்திரம் டெல்லியில் ஒரு முஷ்டி உயரம்கூட எழுவதில்லை. பாரிஸில் அதைப் பார்க்கவே முடியாது. நமக்கு மாசி மாத முன்னிரவில், ஒன்பது மணிவாக்கில், நேர் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்கும். திரிசங்கு என்று நம் ஆட்கள் சொல்லும் தெற்குச் சிலுவை சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கு நிமிர்ந்து நிற்கும். அதன் தலை நட்சத்திரம் இரண்டு முஷ்டி, அடி நட்சத்திரம் ஒன்றரை முஷ்டி. இவ்வளவு தாழ்வாக இருப்பதைப் பார்க்க, அந்தப் பக்கம் விளக்கும் இருக்கக் கூடாது, மரமும் மறைக்கக் கூடாது.

மரம் என்றதும் ஒரு கணக்கு. 20 மீட்டர் பனைமரம் 75 மீட்டர் தொலைவில் நின்றால், அது அடிவானத்திலிருந்து 15 பாகையை மறைக்கும். அதாவது திரிசங்குவின் அடி நட்சத்திரம் அதன் கொண்டைக்குள் போய்விடும். ஒற்றைப் பனை என்றால் நாலடி நகர்ந்து நிற்கலாம். சவுக்குத் தோப்பு என்றால் ஒன்றும் செய்ய முடியாது. நம் பக்கத்தில் சவுக்கு ஏராளம். வளர்ந்த தோப்பு நாற்பது மீட்டருக்குள் இருந்தால் தெற்கு வானத்தின் கீழ்ப்பாதிச் செல்வம் போயிற்று. வெட்டாத கரும்பும் வரப்பில் நிற்பவருக்குச் சுவர் மாதிரிதான். ஆகவே இடத்தைப் பகலிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். வரப்பில் நின்று தெற்கே முஷ்டியை நீட்டிப் பாருங்கள். ஒரு முஷ்டிக்கு மேலே எதுவும் தலைகாட்டாத இடம் நல்ல இடம். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் இப்படித் திறந்த வெளி நிறையக் கிடைக்கும். காய்ந்த தரிசில் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கவும் முடியும்.

ஒளி எப்படிக் குறைகிறது என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970களில் கலிபோர்னியா நகரங்களை அளந்து சொன்னது அது: ஒரு நகரத்தின் ஒளிமூட்டம், தொலைவு இரட்டிப்பானால் பாதியாகக் குறைவதில்லை, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தெருவிளக்கு எவ்வளவு கெடுக்கிறது என்பதும், அதைவிட்டு ஒரு கிலோமீட்டர் விலகினாலே எவ்வளவு தேறுகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். புதுச்சேரி நகரத்தைத் தள்ளிவைக்க நம்மால் முடியாது. தெருக்கோடி விளக்கைத் தள்ளிவைக்க முடியும்.

இனி இடங்களுக்கு வருவோம். மதகடிப்பட்டிலிருந்து தெற்கே நெட்டப்பாக்கம் போகும் வழியின் இருபுறமும், நெட்டப்பாக்கத்தைத் தாண்டித் தென்பெண்ணை ஆற்றுப் பக்கமும் இருக்கும் வயல்வெளிகள் என் முதல் தேர்வு. அங்கிருந்து பார்த்தால் தென்மேற்கில் பண்ருட்டி, அதற்கும் பின்னால் நெய்வேலி, தென்கிழக்கில் கடலூர் என்று அடிவானத்தில் மங்கலான வெளிச்சத் திட்டுகள் தெரியும். இவை தாழ்வாகவே கிடப்பதால் இரண்டரை முஷ்டி உயரத்து அகத்தியரை எட்டுவதில்லை.

ஏரி என்றால் எல்லோருக்கும் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும்தான் நினைவுக்கு வரும். இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊசுட்டேரி நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தவிர 2008 முதல் அது பறவைகள் சரணாலயம். வலசைப் பறவைகள் அடைந்திருக்கும் மாதங்களும் நாம் வானம் பார்க்கும் மாதங்களும் ஒன்றே. இரவில் அங்கே டார்ச் அடித்துக்கொண்டு போவது முறையல்ல. பாகூர் ஏரி அழகான ஏரி, கரையும் உயரம். ஆனால் அதற்கு நேர் தெற்கே சில கிலோமீட்டரில் கடலூர் நகரம். எந்தத் திசை நமக்கு வேண்டுமோ அந்தத் திசையிலேயே விளக்கு. பாகூர்க்காரர்கள் கிழக்கே மணப்பட்டுக் கடற்கரைக்குப் போகலாம். அங்கே கிழக்கு வானம் கடல்மேல் இருட்டாகக் கிடைக்கும். ஈரக்காற்றால் அடிவானத்தில் புகைபோல ஒன்று நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேர் பெற்ற ஏரியைவிடப் பேரில்லாத சின்ன ஏரியின் வடகரையே மேல். வடகரையில் நின்றால் தெற்கே நீர்ப்பரப்பு. அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை.

வடக்கே போயே ஆகவேண்டும் என்றால் திருக்கனூர் தாண்டி, கல்மரப் பூங்கா இருக்கும் திருவக்கரை, வீடூர் அணைப் பகுதிகள். புதுச்சேரி அங்கிருந்து இன்னும் தள்ளிப்போவதால் தலைக்கு மேலே உள்ள வானம் தெளிவாக இருக்கும். அணைமேல் நிற்க அனுமதி வேண்டும். சுற்றுவட்ட வயல்களே போதுமானவை.

ஓர் இடம் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். கொத்தாக ஒரு மங்கல் மட்டும் தெரிந்தால் இடம் சரியில்லை. ஆறு நட்சத்திரம் பிரித்து எண்ண முடிந்தால் பரவாயில்லை. ஏழு, எட்டு என்று போனால் விடாதீர்கள், அதுதான் உங்கள் இடம். அடுத்தது பால்வெளி. சித்திரை, வைகாசியில் விருச்சிகத்தின் வால், அதாவது மூலம் நட்சத்திரம் இருக்கும் பக்கம், பால்வெளியின் மையப்பகுதி. அங்கே வெளிர்ந்த பட்டை தெரிவது நல்ல இருட்டு. அந்தப் பட்டைக்கு நடுவே கறுப்புப் பிளவு தெரிவது அருமையான இருட்டு. அமெரிக்கரான ஜான் பார்ட்டில் 2001இல் வானத்தின் இருட்டை ஒன்பது படிகளாகப் பிரித்ததும் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் வைத்துத்தான். செயற்கைக்கோள் எடுத்த இரவு விளக்குப் படங்களைக் கொண்டு தயாரித்த ஒளிமாசு வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இடம் குறிக்க அவை உதவும். புதிதாக நட்ட ஒரு விளக்குக் கம்பத்தை அவை காட்டா. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை செல்போனைத் திறந்தாலும் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. மங்கலான ஒன்றைப் பார்க்கும்போது நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்; விழித்திரையின் ஓரத்தில்தான் மங்கல் ஒளியை உணரும் செல்கள் அதிகம்.

இடத்துக்குச் சமமாகக் காலமும் முக்கியம். காலண்டரில் அமாவாசையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னிரவில் பார்க்கிறவர்களுக்குத் தேய்பிறை அஷ்டமியிலிருந்து வளர்பிறை சதுர்த்தி வரை நல்ல காலம். தேய்பிறையில் நிலவு நள்ளிரவை ஒட்டி அல்லது அதற்குப் பிறகே எழும். வளர்பிறையின் முதல் நான்கு நாள் சீக்கிரமே மறைந்துவிடும். மாதங்களில் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடும். பொங்கல் முடிந்து பங்குனி வரை நமக்குத் தங்கமான பருவம். தை மாதத்தில் விடியற்காலைப் பனிமூட்டம் வயலைப் போர்த்தும் என்பதால் முன்னிரவே நல்லது. பால்வெளியின் மையத்தைப் பார்க்க வேண்டுமானால் பங்குனியில் நள்ளிரவுக்குப் பின், வைகாசியில் இரவு ஒன்பது, பத்து மணியிலிருந்து. ஆனி முதல் ஆவணி வரை மாலை இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இப்படிச் சொல்லாமல் வரும் மேகம் புதுச்சேரியில் ஒருவருடைய வாழ்க்கையையே உலுக்கியிருக்கிறது. கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். சூரியன் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட அந்தக் காட்சி தேவைப்பட்டது. வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார். அளவு எடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டு காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்துகிடந்த கோட்டைப் பகுதியில் நோக்ககம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை வானம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. அதே மனிதர்தான் இங்கே தை, மாசி இரவுகளின் தெளிவைக் கண்டு வியந்து எழுதியும் வைத்தார். அவருடைய ஜூன் மாதம் கிரகம் குறித்தது, மாற்ற வழியில்லை. நமக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது.

வயலில் இரவு தங்குவதில் சில ஒழுங்குகள் உண்டு. நிலத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மோட்டார் கொட்டகைப் பக்கம் முன்பின் தெரியாதவர்கள் நின்றால் யாரும் சந்தேகப்படுவார்கள், அது நியாயமும்கூட. இங்கே புதுச்சேரி எல்லையும் தமிழக எல்லையும் பின்னிக் கிடக்கின்றன. நாலு வயல் தாண்டினால் காவல் நிலையம் மாறிவிடும். எந்த நிலையத்தின் எல்லை என்று கேட்டு அங்கே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. எல்லையோர மதுக்கடைகள் உள்ள சாலைகளை ஒதுக்குங்கள். திங்கள் இரவும் வேண்டாம். மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தைக்கு மாடு ஏற்றிய வண்டிகள் விடியுமுன்பே வரத் தொடங்கிவிடும். கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் இரவில் நடமாடுபவை. பாதம் முழுவதும் மூடும் காலணி இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள். நடக்கும்போது வெள்ளை டார்ச்சே அடியுங்கள். உட்கார்ந்த பிறகு சிவப்பு போதும்.

ஆண்டில் ஓரிருமுறை தொலைவாகப் போக முடிந்தால் செஞ்சி மலைகளின் அடிவாரம் நல்ல இடம். ஆனால் அமாவாசை இரவில் அந்தச் சாலை முழுக்க மேல்மலையனூர் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் வண்டிகள் ஓடும். ஒரு நாள் முன்போ பின்போ போங்கள். அதற்கும் அப்பால், ஜவ்வாது மலையில் காவலூர் நோக்ககம். வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் நாம் வயல் தேடுவதற்கும் காரணங்கள் ஒன்றே: நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, தெற்கு வானம் நன்றாகத் தெரிகிற அட்சரேகை. 1960களின் இறுதியில் அங்கே வேலை தொடங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தை 1977 மார்ச் 10 அன்று பதிவுசெய்த நோக்ககங்களில் அதுவும் ஒன்று. அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது.

இருட்டைத் தேடிப் போவதோடு, இருக்கும் இருட்டைக் காப்பதும் நம் கையில் இருக்கிறது. லடாக்கில் ஹான்லே கிராமத்தைச் சுற்றிய பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ளவர்கள் விளக்கே இல்லாமல் வாழவில்லை. விளக்குகளுக்கு மூடி போட்டார்கள், ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். நம் தெருக்களில் புதிதாக வரும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் நீல ஒளி கூடுதல்; நீலம்தான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. மஞ்சள் சாயலுள்ள விளக்கு, ஒளி தரையை நோக்கி மட்டும் விழும்படியான மூடி, சாய்வாக வைக்காமல் நேர்கீழாகப் பொருத்திய தலை: இந்த மூன்றையும் கொம்யூன் பஞ்சாயத்தில் மனுவாக எழுதிக் கொடுக்கலாம். தெருவில் நடப்பவருக்கு வெளிச்சம் குறையாது. கண்கூசுவது மட்டும் குறையும். எந்தக் கம்பம், எந்தத் தெரு என்று எண்ணோடு குறித்து, ஊரின் தெற்குக் கோடியில் உள்ள விளக்குகளிலிருந்து தொடங்குங்கள்.