வாரம் 2½ லட்சம் கட்டணம். கிடைத்ததோ அடி, உதை! ஆஸ்பத்திரியின் குட்டை உடைத்த ரகசிய காமிரா

உடுத்திய துணியோடு ஒரு இளம்பெண்ணைக் குளியல் அறைக்கு இழுத்துப் போகிறார்கள். தலையில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். பிறகு தோட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளி, நடுக்கும் குளிரில் மறுபடியும் தண்ணீர். பெண் வெடவெடவென்று நடுங்குகிறாள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

செய்தவர்கள் ரவுடிகள் அல்ல. அவளைப் பார்த்துக் கொள்ளச் சம்பளம் வாங்கிய ஊழியர்கள்!

இது நடந்தது 2011-ம் ஆண்டு, இங்கிலாந்தில். பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் வின்டர்போர்ன் வியூ. மொத்தம் 24 படுக்கைகள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும், ஆட்டிசம் உள்ளவர்களும் அங்கே தங்க வைக்கப்பட்டு இருந்தார்கள்.

ஒரு ஆளுக்கு வாரக் கட்டணம் சராசரி 3 ஆயிரத்து 500 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்ம பணம் சுமார் 2½ லட்ச ரூபாய். கட்டியது அரசாங்கம்.

கொஞ்ச நாள் வைத்திருந்து, பரிசோதித்து, குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவோம் என்றுதான் ஆஸ்பத்திரி சொன்னது. ஆனால் தங்கியவர்கள் சராசரியாக 19 மாதம் அங்கேயே கிடந்தார்கள். பாதிப் பேருக்கு வீடு ரொம்ப தூரம்.

நர்சு எழுதிய கடிதம்

அங்கே வேலை பார்த்த மூத்த நர்சு ஒருவருக்கு மனசு கேட்கவில்லை. 2010-ல் மேலாளருக்கு எழுதினார். பலன் இல்லை. ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்கும் அரசு கமிஷனுக்கு எழுதினார். அங்கேயும் பதில் இல்லை. கடைசியில் பி.பி.சி. டெலிவிஷன் கதவைத் தட்டினார்.

பி.பி.சி. நிருபர் ஒருவர் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டுச் சேர்ந்தார். உடையில் ரகசிய காமிரா! 5 வாரம் அங்கே வேலை பார்த்தார்.

2011 மே 31-ந்தேதி இரவு படம் ஒளிபரப்பானது. நாடே அதிர்ந்தது. அறைவது, முடியைப் பிடித்து இழுப்பது, நாற்காலிக்கு அடியில் போட்டு அமுக்குவது... ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தவரைக் கேலி செய்வது வேறு! அடுத்த மாதமே ஆஸ்பத்திரி இழுத்து மூடப்பட்டது.

யாருக்குமே தெரியாதா?

"இத்தனை நாளும் யாருக்குமே தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருக்க வேண்டும். 2012-ல் வெளிவந்த விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரிகிறது.

2010-ம் ஆண்டில் மட்டும் நோயாளிகளைப் பிடித்து அமுக்கிய சம்பவம் 379. இது ஆஸ்பத்திரியே தன் நோட்டில் எழுதி வைத்த கணக்கு! சராசரியாகத் தினம் ஒரு தடவைக்கு மேல். சுமார் 3 ஆண்டுகளில் 70 தடவைக்கு மேல் நோயாளிகள் அவசர சிகிச்சைக்கு வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டனர். போலீசுக்கும் தகவல் போனது. ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெற்றோர் பார்க்க வந்தால் பார்வையாளர் அறையோடு சரி. பிள்ளை படுக்கும் அறையைப் பார்க்க அனுமதி கிடையாது. கடையில் அரிசி வாங்கினால்கூட மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம்!

சில பிள்ளைகள் வீட்டாரிடம் வாய்விட்டே சொன்னார்கள். நம்ப ஆள் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

11 பேருக்குத் தண்டனை

ஊழியர்கள் 11 பேரும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டனர். 2012 அக்டோபரில் பிரிஸ்டல் கோர்ட்டு 6 பேருக்கு ஜெயில் தண்டனை விதித்தது. அதிகபட்சம் 2 ஆண்டு. மற்ற 5 பேருக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட பெரிய இடங்கள் வேண்டாம், சொந்த ஊரிலேயே சின்ன வீடுகளில், பழகிய ஆட்களை வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று பேராசிரியர் ஜிம் மான்செல் குழு 1993-லேயே எழுதிக் கொடுத்து இருந்தது. வின்டர்போர்ன் விவகாரம் வெடித்த பிறகுதான் அரசாங்கம் விழித்தது. தேவை இல்லாமல் அடைக்கப்பட்டவர்களை 2014 ஜூன் 1-ந்தேதிக்குள் வெளியே கொண்டு வருவோம் என்று வாக்குக் கொடுத்தது.

கெடு வந்தது, போனது. ஆட்கள் வரவில்லை.

மறுபடியும் காமிரா

2019 மே மாதம். டர்ஹாம் மாவட்டத்தில் வோர்ல்டன் ஹால் என்ற ஆஸ்பத்திரி. மறுபடியும் பி.பி.சி. நிருபர், மறுபடியும் ரகசிய காமிரா, மறுபடியும் அதே கொடுமை! ஒரு பெண்ணுக்கு எது பயம் என்று தெரிந்து வைத்துக் கொண்டு, அதைக் காட்டியே மிரட்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு 2017-ல் கமிஷன் கொடுத்திருந்த மார்க் "நல்லது". அதற்கும் முன்னால், 2015-ல் கமிஷனின் அதிகாரி ஒருவர் அங்கே குறை கண்டு எழுதிய அறிக்கை வெளியிடப்படவே இல்லை.

9 பேர் மீது வழக்கு நடந்தது. 4 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2024 ஜனவரியில் தண்டனை அறிவிக்கப்பட்டது. நாலு பேருக்குமே தண்டனை நிறுத்தி வைப்பு. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

அதே 2024-ல் இங்கிலாந்தில் சுமார் 2 ஆயிரம் பேர் இதுபோன்ற ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள்.