வழியிருப்பு: நெடுநடைப் பயணத்தில் உணவை முன்கூட்டி வைத்தல்

பல நாள் நடந்தே செல்வோர், முழுப் பயணத்துக்கும் வேண்டிய உணவையும் தண்ணீரையும் முதுகில் சுமக்காமல், ஒரு பகுதியைப் பாதையின் குறிப்பிட்ட இடங்களில் முன்னதாகவே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதுண்டு. மலையேறுவோர், பாலை கடப்போர், துருவப் பயணிகள் ஆகியோரிடம் இது நெடுநாள் வழக்கம். 'பதுக்கல்' என்றால் தமிழருக்கு ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வரும் என்பதால், இக்கட்டுரையில் இது 'வழியிருப்பு' எனக் குறிக்கப்படுகிறது. வழிப்பயண உணவுக்கு 'ஆற்றுணா' என்ற பழஞ்சொல் உண்டு. ஆறு என்றால் இங்கே வழி. ஆனால் அது கையோடு கொண்டுபோகும் கட்டுச்சோறு. வைத்துவிட்டு வந்து பின்னர் தேடி எடுப்பதில் வரும் சிக்கல்கள் வேறு.

அச்சிக்கல்களை விளக்க, திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டைப் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. பாறைக் குன்றுகள், முட்புதர்க் காடு, கோடையில் வறண்டுவிடும் ஓடைகள், ஊருக்கு ஊர் நெசவுத் தறிகள் எனக் காடும் குடியிருப்பும் மாறிமாறி வரும் நிலம் இது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியுடன் திருத்தணிக்கு நடந்து வருவோருக்குப் பழகிய வட்டாரமும்கூட.

சுமைக் கணக்கு

நாள் முழுதும் நடக்கும் ஒருவருக்கு உலர் உணவு ஏறத்தாழ 700 முதல் 900 கிராம் வரை வேண்டும். ஒரு வாரத்துக்கு ஐந்தாறு கிலோ. இதைச் சுமந்துவிடலாம். சுமக்க முடியாதது தண்ணீர். திருத்தணியில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றாலும் இரண்டு நாளுக்குப் பத்து கிலோ ஆகிவிடும். எனவே இப்பகுதியில் வழியிருப்பு என்பது முதலில் தண்ணீர், அதன் பிறகே உணவு. உணவும் சமைக்கத் தண்ணீர் கேட்காததாக இருப்பது நல்லது. அவல், பொரிமாவு, சத்துமாவு, வறுகடலை, பேரீச்சை ஆகியவை ஏற்றவை. புளிச்சோறு புளிப்பாலும் எண்ணெயாலும் ஒரு நாள் தாங்கும். அதை நம்பி ஒரு வாரம் வைக்க முடியாது. முறுக்கும் வேர்க்கடலையும் வெயிலில் சிக்கு வாடை அடித்துவிடும். வெல்லம் கசிந்து எறும்பை அழைக்கும்.

யாரிடமிருந்து காப்பது?

வட அமெரிக்காவில் கரடிக்குப் பயந்து உணவு மூட்டையை மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த வழி இங்கே உதவாது. சோளிங்கரில் 1305 படிகள் ஏறி நரசிம்மரைத் தரிசித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: தொங்கும் பை குரங்குக்கு வைத்த விருந்து. தரையில் புதைத்தாலோ காட்டுப்பன்றி கிளறும், எலி துளைக்கும், துணியையும் அட்டையையும் கறையான் தின்னும், ஒரே மழையில் குழி நிரம்பும். திருகுமூடியும் ரப்பர் வளையமும் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டிரம்மே ஓரளவு தாங்குகிறது. அதற்குள்ளும் உணவைத் தனித்தனிப் பொட்டலமாக ஒட்டி வைக்க வேண்டும். டிரம்மின் வெளிப்புறத்தில் உணவு வாடை இருக்கக் கூடாது. மாவு அள்ளிய கையால் மூடியைத் திருகினாலே எறும்பு வந்துவிடும்.

இதில் நடப்பவரின் பசி மட்டும் பணயமாக இல்லை. உடைக்கப்பட்ட ஓர் இருப்பு, மனித உணவு கிடைக்கும் இடம் இதுவென்று விலங்குக்குக் கற்பித்துவிடும். அடுத்து அவ்வழியே வருபவர் அதன் விளைவைச் சந்திப்பார். திருத்தணியிலிருந்து எழுபது கி.மீ. தொலைவுக்குள் இருக்கும் திருப்பதியில், அலிபிரி நடைபாதையில் 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் தேவஸ்தானம் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, நடைபாதையில் விலங்குகளுக்கு உணவளிக்கத் தடை விதித்தது.

திரும்பக் கண்டுபிடித்தல்: 1861இன் ஒரு பாடம்

மறைத்த இருப்பு மறைத்தவருக்கே கிடைக்காமல் போவதுண்டு. குன்றுப் பகுதியில் எல்லாப் பாறையும் ஒன்றுபோல் தெரியும். இன்று ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். எனினும் கைப்பேசி மின்னூட்டம் தீர்ந்தாலும் பயன்படும்படி, நிலைத்த அடையாளம் ஒன்றையும் திசையையும் காலடி எண்ணிக்கையையும் தாளில் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

இடம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பர்க், வில்ஸ் பயணம் சான்று. கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்க 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து அவர்கள் புறப்பட்டார்கள். கூப்பர் ஓடைக்கரையில் ஒரு குழுவையும் பொருள்களையும் விட்டுவிட்டு, நால்வர் மட்டும் டிசம்பரில் வடக்கே சென்றார்கள். ஒருவர் வழியில் இறக்க, மற்ற மூவர் 1861 ஏப்ரல் 21 மாலையில் அங்கே திரும்பினார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்த குழு அன்று காலையில்தான் கிளம்பியிருந்தது! மரத்தில் 'தோண்டு' என்று செதுக்கியிருந்தபடி தோண்டி, புதைத்திருந்த உணவை மூவரும் எடுத்தார்கள். பிறகு வழிப்போக்கர் கண்ணில் படாதிருக்க மண்ணைப் பழையபடி மூடி, தாங்கள் செல்லும் திசையைக் கடிதமாக எழுதி உள்ளேயே வைத்தார்கள். மரத்தில் புதிதாக எதையும் செதுக்கவில்லை. மே 8 அன்று முந்தைய குழுவின் தலைவர் பிராகே இன்னொருவருடன் திரும்பி வந்தார். குழி தொடப்படாதது போலிருந்ததால் தோண்டாமலே போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் ஜூன் இறுதிவாக்கில் இறந்தார்கள். மூன்றாமவரான கிங், யாண்ட்ருவாண்டா பழங்குடியினர் பராமரித்ததால் பிழைத்து, செப்டம்பரில் மீட்கப்பட்டார்.

கடைசி நாள்களில் அவர்கள் உண்ட நார்டூ, நம் வயல்களிலும் குளங்களிலும் வளரும் ஆரைக்கீரையின் இனம். பழங்குடியினர் அதன் வித்துறைகளைப் பக்குவப்படுத்தி உண்பர். சரியான பக்குவமின்றி உண்டதால் பி1 உயிர்ச்சத்து அழிந்து அவர்கள் நலிந்தனர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

எனவே இருப்பை எடுத்தவர், எடுத்த நாளையும் போகும் திசையையும் வெளியே தெரியும்படி குறிக்க வேண்டும்.

காட்டில் வைக்கலாமா?

தமிழ்நாட்டில் காப்புக்காடுகள் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறச் சென்ற பலர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகளை வகுத்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு: எல்லை தாண்டினால் ஆந்திர வனத்துறையின் அதிகாரம், இங்கு பெற்ற அனுமதி அங்கு செல்லாது. ஆகவே காட்டுக்குள் டிரம் புதைக்கும் முறையை இங்கு அப்படியே பின்பற்ற முடியாது.

பின்பற்ற அவசியமும் குறைவு. பாதை நாளுக்கு ஒருமுறையேனும் ஓர் ஊரைத் தொடும். ஊர்க் கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ பையைக் கொடுத்து வைப்பதே சிறந்த வழியிருப்பு. நம் பழைய பெருவழிகளும் இதே எண்ணத்தில் அமைந்தவைதாம்: தங்கவும் உண்ணவும் சத்திரம், தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கிக் கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நிறுத்தப்பட்ட சுமைதாங்கிகள் பல. இவை எதுவும் மறைவாக இல்லை. பாதையோரத்தில் எல்லோருக்குமாக இருந்தன. ஆஸ்திரேலியாவிலும் இன்று சுமார் 230 கி.மீ. நீளமுள்ள லாராபின்டா நடைபாதையின் சில முகாம்களில், பூட்டிய அறையில் உணவுப் பெட்டியை முன்கூட்டி வைக்க ஏற்பாடு உள்ளது.

ஊரே இல்லாத வழிக்கு இலங்கையின் கதிர்காமப் பாதயாத்திரையைச் சொல்லலாம். வடக்கிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வரும் அடியார்கள், உகந்தை முருகன் கோயிலைத் தாண்டியதும் குமண, யால காடுகளுக்குள் நுழைகிறார்கள். திருவிழாவை ஒட்டிக் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே இவ்வழி திறக்கப்படும். உள்ளே கடை கிடையாது. உகந்தைவரை ஊர்தோறும் அன்னதானத்தில் உண்டவர்கள், அங்கிருந்து நான்கைந்து நாளுக்கான அரிசியையும் உலர் உணவையும் தாங்களே சுமக்கிறார்கள். காட்டுக்குள் இருப்பு எதுவும் புதைப்பதில்லை. கூட்டமாகச் செல்வதால் சுமை பங்கிடப்படுகிறது, கும்புக்கன் ஆறு போன்ற நீர்நிலைகளை ஒட்டி இரவுத் தங்கல் அமைகிறது.

ஊரில் கொடுத்து வைக்கும் பையின்மேல் பெயர், தொலைபேசி எண், வந்து எடுக்கும் நாள், அந்நாளுக்குள் வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஆகிய நான்கையும் எழுதுவது வழக்கம். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பை எடுக்கப்படாமல் இருப்பதே, நடப்பவர் எங்கோ சிக்கிக்கொண்டார் என்பதற்கு முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.