பட்டி பூசும் முன் படம் எடுங்கள்

பாம்பனில் ஒரு நாட்டுப்படகுக்காரர் தன் ஃபைபர் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தை ஒரு நாணயத்தால் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் ‘டிங்’ என்றது. ஒரு முழம் தள்ளித் தட்டினால் ‘டொக்’. உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. படகு வாங்கிப் பதினாலு மாதம்தான்.

“பில் எங்கே அண்ணே?” என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில் தொகை மட்டும். படகு கட்டிய யார்டின் பெயர்கூட இல்லை. அதற்குள் பாதி அடிப்பகுதிக்குப் பட்டி பூசி பெயிண்டும் அடித்தாயிற்று. ஓலைக்குடாவிலும் ஏர்வாடியிலும் இதையேதான் பார்க்கிறேன்.

தேய்மானம் வேறு, குறைபாடு வேறு. மணலில் இழுத்து அடிப்பகுதி தேய்ந்தால் யாரையும் கேட்க முடியாது. ஆனால் தண்ணீரில் அமிழும் பகுதி ஓராண்டிலேயே கொப்பளித்தாலோ, கண்ணாடி இழை அடுக்கு ரெசினோடு ஒட்டாமல் பிரிந்தாலோ, எஞ்சின் மாட்டும் பின்பக்கப் பலகை ஊறி மெத்தென்று ஆனாலோ, கட்டியவர் பதில் சொல்லியாக வேண்டும்.

“நாம தொழிலுக்கு வாங்குனது, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று கரையில் ஒரு பேச்சு உலவுகிறது. தப்பு. தன் உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பத்துப் படகு வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவர் கதை வேறு.

போக வேண்டிய இடம் ராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். யார்டு எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். படகுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள், எண் 15100. புகாருக்கு முன் 1915-இல் நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பாருங்கள். சில யார்டுகள் அந்த ஒரு போனிலேயே இறங்கி வரும்.

புகாரோடு பில், வங்கியில் பணம் அனுப்பிய சான்று, யார்டுக்குத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல், தேதியோடு எடுத்த படங்கள், பிரிந்து வந்த அடுக்கின் ஒரு துண்டு எல்லாம் வேண்டும். துண்டைக் கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். குறையைச் சோதனை செய்து பார்க்க ஆணையத்தால் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். பில் இல்லையா? படகைப் பதிவு செய்தபோது மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்த தாள்களின் நகலைக் கேளுங்கள். “அடுத்த வாரம் வாங்க” என்று இழுத்தடிப்பார்கள். மூன்றாவது தடவை நடக்காதீர்கள். 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டே ஆண்டு. “சீசன் முடியட்டும், சரி பண்ணித் தர்றேன்” என்று யார்டுக்காரர் வாயால் சொல்வதை நம்பி உட்கார்ந்தால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். சொல்வதை எழுதி வாங்குங்கள். புதிதாகக் கட்டக் கொடுப்பவர்களுக்கு: எத்தனை அடுக்கு, எந்த ரெசின், எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற யார்டில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன், பட்டி பூசும் முன் படம். பூசிவிட்டால் குறை உங்கள் கையாலேயே மறைந்துபோகும். அப்புறம் ஆய்வகத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாம்பன்காரருக்கு, வாங்கிய நாளிலிருந்து எண்ணினாலும் இன்னும் பத்து மாதம் இருக்கிறது. மிச்சப் பாதிக்குப் பட்டி பூச ஆள் வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ‘டொக்’ என்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, அன்றைய தினசரியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு முதல் படம் எடுத்தோம்.